போர்வைக்குள் வந்த குளிர்

சனிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மார்ச் இரண்டாம் வாரத்துக்கு அது ரொம்ப சீக்கிரம். கார்னக் மில்ஸ் ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. எவர்ட் கின்கேட் மட்டும் ஐஸ் ஹாக்கி ஆட்டக் கொட்டகைக்குள் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைப் பனித்தரையில் வைத்துப் பார்த்தான்.

நல்ல தரை கையை ஒரு கணம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விடும். இது பிடிக்கவில்லை. மேலே மெல்லிதாகத் தண்ணீர் நின்றது.

“என்ன சொல்லுது?” என்று கேட்டான் டகல்ட் மக்ஃபீ. கோல் வலையைக் காப்பவன், அணியின் கேப்டன். இரண்டு காலிலும் தடித்த பட்டைகளைக் கட்டிக்கொண்டு பீரோ மாதிரி நின்றான்.

“வேர்க்குது.”

“உனக்கா, ஐஸுக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

“பேசாம அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லலாமா?”

“அடுத்த வாரம் இது குளம்டா. படகுலதான் ஆடணும்.”

கொட்டகைத் தரை வெறும் ஆற்றுத் தண்ணீர். டிசம்பரில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டால் மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். குளிர் போனால் தரையும் போகும். ஆக, பள்ளத்தாக்குக் கோப்பையின் கடைசி ஆட்டம் இன்று நடக்க வேண்டும், அல்லது இந்த வருஷம் நடக்காது.

எவர்ட்டுக்கு அது நடந்தே ஆக வேண்டியிருந்தது.

அவனுக்கு முப்பத்துநாலு வயது. மில்லில் அறுத்த பலகைகளைத் தரம் பிரிக்கும் வேலை. பதினாலு குளிர்காலமாக ஊர் அணியில் ஆடுகிறான். ஆறு வருஷமாகப் பயிற்சியாளனும் அவன்தான். யாரும் அவனை நியமிக்கவில்லை. பழைய பயிற்சியாளர் கோதுமை விதைக்க மேற்கே கிளம்பிய அன்று, கொட்டகைச் சாவியை அவன் கையில் வைத்து அழுத்திவிட்டு ரயில் ஏறினார். அத்தோடு சரி. இந்தப் பதினாலு வருஷத்தில் நாலு முறை கடைசி ஆட்டம் வரை போய் நாலு முறையும் தோற்றிருந்தான்.

அவன் ஆடுவது ரோவர். ஏழு பேரில் ஆறு பேருக்குத் தரையில் ஓர் இடம் உண்டு. வலை, அதற்கு முன்னால் இருவர், நடு, இரண்டு ஓரங்கள். ரோவருக்கு இடம் கிடையாது. எங்கே தேவையோ அங்கே இருப்பான். எவர்ட் ரப்பரைத் துரத்துகிறவன் இல்லை. ஊர்க்காரர்கள், பந்துக்குப் பதில் மட்டையால் தள்ளும் அந்தக் கறுப்பு வட்டை ‘ரப்பர்’ என்றுதான் சொல்வார்கள். அது வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய், ஏதோ ஞாபகம் வந்தவன் போல நிற்பான். கொஞ்ச நேரத்தில் அது வந்து சேரும். பார்க்கிறவர்கள் அவன் தூங்குகிறான் என்பார்கள். எப்படித் தெரிகிறது என்று மற்ற ஆட்டக்காரர்கள் கேட்டால் அவனால் சொல்ல முடிந்ததில்லை. பயிற்சியாளனாக அது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு முறை, வடக்கே வெள்ளிச் சுரங்க ஊரிலிருந்து, சம்பளத்துக்கு ஆடும் அணி ஒன்று தந்தியடித்துக் கூப்பிட்டது. என்ன இடம் என்று பதில் தந்தியில் கேட்டான். இடது ஓரம் என்றார்கள். அவன் போகவில்லை.

இந்த ஜனவரியில் ஹாக்கிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த குளிர்காலத்திலிருந்து ஓர் அணிக்கு ஆறு பேர்தான். ரோவர் என்ற இடம் நீக்கப்படுகிறது. நாலே வரி. எவர்ட் அதை மில் முற்றத்தில் நின்று படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலை வரை பலகைகளுக்குத் தப்புத் தப்பாக எண் போட்டான்.

அதே கடிதம் ஆற்றுக்கு அக்கரையில் சேன்ட் எலுவா ஊருக்கும் போயிருந்தது. அந்த ஊர் ரோவர் ஓவிலா ஷாரெட். ரொட்டி சுடுகிறவன். புதன்கிழமைதோறும் உறைந்த ஆற்றைத் தாண்டி, குதிரைச் சறுக்குவண்டியில் கார்னக் மில்ஸுக்கு ரொட்டி கொண்டுவருவான். எவர்ட்டின் தங்கை மின்னி வாசலுக்கு வந்து ரொட்டியைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்வாள். அவள் குறை சொல்லாத வாரங்களில் ஓவிலா வருத்தப்படுவான். அந்தக் காரணத்தாலேயே எவர்ட்டை அவன் ‘மச்சான்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். எவர்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. மின்னி அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

கடிதம் வந்த வாரம் ஓவிலா வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னான்: “மச்சான், நம்ம ரெண்டு பேரையும் தபால்லயே கொன்னுட்டானுங்க பாத்தியா?”

“இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு.”

“அதுல உன்னை நான் கொல்றேன். தபாலுக்கு வேலை வேண்டாம்.”

அந்த ஆட்டம்தான் இது.

மூன்று மணிக்குக் கேலரி நிரம்பிவிட்டது. நனைந்த கம்பளிக் கோட்டுகள், நனைந்த தொப்பிகள். தொள்ளாயிரம் பேர் மூச்சு விட்டார்கள். ஈரமான சூடான காற்று கனத்து இறங்கி, குளிர்ந்த தரையைத் தொட்ட இடத்தில் வெள்ளை மூட்டமாக மாறியது. முதலில் கணுக்கால் உயரத்துக்கு. முதல் பாதி முடியும்போது முழங்கால் வரை. ஆட்டக்காரர்கள் கால் இல்லாதவர்களைப் போல மிதந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் அந்த வெள்ளைக்கு அடியில் எங்கோ ஓடியது.

இரண்டாம் பாதியில் பன்னிரண்டு நிமிஷம் ஆனபோது இரண்டுக்கு இரண்டு.

அப்போதுதான் ரப்பர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தை நோக்கிப் போனது. அது அங்கே வரும் என்று எவர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. ஓவிலாவுக்கும் தெரிந்திருந்தது. பதினாலு வருஷமாக இரண்டு பேரும் இப்படித்தான் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இந்த முறை எவர்ட்டின் மட்டை சற்று உயர்ந்துவிட்டது. ஓவிலாவின் இடது புருவத்தில் பட்டது.

நடுவர் மணியை அடித்தார். பல் டாக்டர் ஹெஸ்கெத், மூன்றாவது ஊர்க்காரர். குளிரில் விசில் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பக்கத்து நடுவர்கள் கையில் மணி வைத்திருப்பார்கள்.

“இதுக்குத்தான் உனக்கு இத்தனை வருஷம் ரொட்டி போட்டேனா?” என்றான் ஓவிலா, தரையில் உட்கார்ந்தபடியே.

“வேணும்னு பண்ணலைடா.”

“தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா குறி தப்பியிருக்கும்.”

புருவத்துக்கு மூன்று தையல் போட்டார்கள். கண் முட்டை மாதிரி வீங்கி மூடிக்கொண்டது. ஆட முடியாது என்று ஹெஸ்கெத் சொல்லிவிட்டார்.

அப்போதெல்லாம் மாற்று ஆள் கிடையாது. ஒரு பக்கம் ஒருவன் அடிபட்டு வெளியேறினால் மறுபக்கமும் ஒருவனை வெளியே அனுப்பிக் கணக்கைச் சரிசெய்யும். மற்ற இடங்களில் அணியிலேயே மோசமான ஆட்டக்காரனை அனுப்பிவிடுவார்கள். ஆற்றங்கரை ஊர்களில் வழக்கம் வேறு. அடிபட்டவன் எந்த இடமோ அதே இடத்துக்காரன்தான் வெளியேற வேண்டும். வெளியேறி, அடிபட்டவன் பக்கத்திலேயே ஆட்டம் முடிகிற வரை உட்கார வேண்டும். அதற்கு ‘துணைக்கு உட்காருவது’ என்று பெயர்.

எவர்ட் டகல்டைப் பார்த்தான். டகல்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“துணைக்குப் போ,” என்றான். “வேற என்ன பண்றது?”

பெஞ்சு தரையின் ஓரத்திலேயே இருந்தது. நடுவில், தரையைச் சுற்றி ஓடும் முழங்கால் உயர மரத் தடுப்பு. பின்னால் கேலரியின் முதல் வரிசை. அங்கே உட்கார்ந்திருந்த மின்னி ஒரு சாம்பல் நிறப் போர்வையைப் பின்னாலிருந்து நீட்டினாள்.

“ரெண்டு பேரும் போத்திக்குங்க. அண்ணா, அவருக்கு நெறைய விடுங்க. அடிச்சது நீங்கதானே?”

“உன் அண்ணன் போர்வையை இழுத்தாலும் நான் விட்டுக் கொடுப்பேன்,” என்றான் ஓவிலா.

“நீங்க மொதல்ல ரொட்டியில உப்பை விட்டுக் கொடுங்க.”

எவர்ட் அவனுக்கு இடப்பக்கம், வீங்கிய கண்ணின் பக்கம், உட்கார்ந்தான். போர்வை இருவர் முழங்காலையும் தோளையும் மூடியது. ஓவிலாவிடம் மாவு வாசனையும் வேர்வை வாசனையும் அடித்தது.

இதற்கு முன் எவர்ட் துணைக்கு உட்கார்ந்ததே இல்லை. ஓர் ஆட்டத்தை வெளியிலிருந்து அவன் பார்த்தது சின்ன வயதில்தான்.

பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. மூட்டம் இடுப்புக்கு ஏறியது. பிறகு தோளுக்கு. ஹெஸ்கெத் கேட்டுக்கொண்டதன்பேரில் கேலரியில் சிலர் கோட்டைக் கழற்றி விசிறினார்கள். வெள்ளை நகர்ந்துபோய்த் திரும்பி வந்தது. மேல் ஜன்னல்களின் வெளிச்சம் அதில் இறங்கிப் பாலில் விழுந்தது போல் நின்றது. ஆட்டக்காரர்கள் கறுப்பாகத் தோன்றி, சாம்பலாகி, இல்லாமல் போனார்கள்.

“உனக்கு ஏதாவது தெரியுதா?” என்றான் ஓவிலா.

“இல்லை.”

“அப்ப நான் பரவாயில்லை. எனக்கு ஒரு கண்ணுக்குத்தான் தெரியலை.”

எவர்ட் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். சத்தம் மட்டும் இருந்தது. வலது ஓரத்தில் ஆடும் கிளாரன்ஸ் பைக் சின்னச் சின்னதாக எட்டு வைப்பான். துணி கிழிக்கிற சத்தம். நடு ஆட்டக்காரனின் ஸ்கேட் நீளமாக இழுத்து நிறுத்தும். மட்டையில் ரப்பர் படுகிற சத்தம் ஒன்று, தடுப்புப் பலகையில் படுகிற சத்தம் வேறு. மெல்ல மெல்ல அவனுக்குள் தரை முழுவதும் விரிந்தது. வெள்ளைத் தாளில் யாரோ கோடு போடுவதைப் போல. யார் எங்கே என்று தெரிந்தது. யாரும் இல்லாத ஓர் இடமும் தெரிந்தது. அக்கரைக்காரர்களின் வலைக்கு இடது பக்கம், இரண்டு மட்டை நீளம் தள்ளி.

அங்கே ஆள் இல்லையே என்று நினைத்தான்.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பின்னாளில் எத்தனை முறை யோசித்தும் அவனால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. வெள்ளை இருந்தது. வெள்ளைக்குள் குளிரும் இல்லை, கூட்டமும் இல்லை. தன் எடையே தெரியவில்லை. தூக்கத்தில் மாடிப்படி இறங்குகிறவனைப் போல எங்கேயோ போய் நின்றான். வலைக்குப் பின்னாலிருந்து ரப்பர் வந்தது. அவசரமில்லாமல், வீட்டுக்குத் திரும்புகிற பூனை மாதிரி வந்தது. அவன் அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டான். அவ்வளவுதான்.

மணி அடித்தது.

கேலரி எழுந்து கத்தியது. எவர்ட் கண்ணைத் திறந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போர்வை முழங்காலில் இருந்தது.

“கோல்!” என்று மூட்டத்துக்குள் யாரோ அலறினார்கள். “கார்னக்! மூணு ரெண்டு!”

கிளாரன்ஸ் பைக் வெள்ளையிலிருந்து வெளியே வந்து தடுப்பில் மோதி நின்றான். முகம் ஜொலித்தது. “கோச், பாத்தீங்களா?”

“யார் போட்டது?”

“நான்தான்னு நினைக்கறேன். மட்டையில என்னமோ பட்டுது. நான் போட்டதாத்தான் இருக்கணும். பக்கத்துல வேற யாரும் இல்லையே!”

திரும்பி ஓடிவிட்டான். எவர்ட் கணக்குப் பார்த்தான். மூன்றுக்கு இரண்டு. இன்னும் ஐந்து நிமிஷம். பதினாலு வருஷம்.

எவ்வளவு தெளிவான கனவு என்று நினைத்தான். பிறகு தன் மட்டையைப் பார்த்தான். பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த மட்டை இப்போது மடியில் கிடந்தது. அதன் நுனியில் புதிதாகச் சுரண்டிய பனித்தூள், இன்னும் கரையாமல்.

“ஓவிலா.”

“ம்.”

“நான் இங்கதான இருந்தேன்?”

ஓவிலா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னைப் போய்க் கேக்கறியே. நீ உக்காந்திருக்கறது என் குருட்டுக் கண்ணுப் பக்கம்.”

“இருந்தேனா இல்லையா?”

“எனக்குத் தெரியாது மச்சான். கொஞ்ச நேரம் இடது பக்கம் குளிர்ந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்ற நேரம். மெதுவாச் சொன்னா.”

“நீ ஏன் கத்தலை? உங்க கோப்பையும்தானே அது?”

“என்னன்னு கத்துறது? டாக்டர், எனக்குக் குளுருதுன்னா?” ஓவிலா போர்வையை இழுத்துக்கொண்டான். “தவிர, துணைக்கு வந்தவனைக் காட்டிக் கொடுக்கறது எங்க ஊர்ல இல்லை. உங்க ஊர்ல எப்படின்னு தெரியாது.”

எவர்ட் திரும்பிக் கேலரியைப் பார்த்தான். முதல் வரிசை அவனுக்கு மூன்றடி பின்னால் இருந்தது. மூன்றடிக்கு எந்த மூட்டமும் மறைக்காது. மளிகைக் கடைக்காரர், தபால்காரர், அவர் மனைவி, மில் மேஸ்திரி என்று மொத்தம் பன்னிரண்டு பேர். கொட்டகையே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து அவரவர் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையுறையில் அன்றைக்குப் பார்க்க என்னவோ நிறைய இருந்தது போல.

மின்னி மட்டும் அவனைப் பார்த்தாள்.

“மின்னி.”

“என்னைக் கேக்காதீங்க அண்ணா,” என்றாள் மெதுவாக. “கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். அதனால கேக்கறதா இருந்தா யோசிச்சுக் கேளுங்க.”

அவன் யோசித்தான். கேட்காமல் இருக்கலாம். அது ஒன்றும் பெரிய பொய் இல்லை. கனவு என்று வைத்துக்கொள்ளலாம். பாதி அப்படித்தான் இருந்தது. நாலு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கோப்பை வரும். மில் அலுவலகத்தில் கண்ணாடிக்குள் வைப்பார்கள். பெயர்களைப் பொறிப்பார்கள். ரோவர், எ. கின்கேட். அதற்கப்புறம் அந்தச் சொல்லையே யாரும் எங்கேயும் பொறிக்கப் போவதில்லை.

ஆனால் அந்தக் கோலை அவன் எங்கே வைத்துக்கொள்வது? அவன் வாழ்நாளில் போட்டவற்றில் அதைவிட அழகானது இல்லை. அதைக் கிளாரன்ஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லை, கனவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

“நான் போனேனா?” என்று கேட்டான்.

“போனீங்க,” என்றாள் மின்னி. “தடுப்பைத் தாண்டி, தூக்கத்துல நடக்கற மாதிரி. திரும்பி வந்து போர்வையைச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்தீங்க.”

எவர்ட் எழுந்தான். “டாக்டர்!” என்று வெள்ளைக்குள் கத்தினான். “மணி அடிங்க!”

ஹெஸ்கெத் மணியோடு மூட்டத்திலிருந்து வெளிப்பட்டார். அவர் மூக்குக் கண்ணாடி முழுவதும் நீர் கோத்திருந்தது. அதைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். எவர்ட் சொன்னான். அதற்குள் இரண்டு அணியும் சுற்றி வந்துவிட்டன.

“கோல் நடுவர் கோல்னு கைக்குட்டையைக் காட்டியாச்சு,” என்றார் ஹெஸ்கெத். “அவர் சொன்னா சொன்னதுதான். விதி அது.”

கோல் நடுவர் சேன்ட் எலுவா பள்ளி ஆசிரியர். வலைக்குப் பின்னால் நின்றதில் அவர் தொப்பியெல்லாம் நனைந்திருந்தது. “ரப்பர் வலையில இருந்துது. அதை நான் பாத்தேன்,” என்றார். “யார் அடிச்சா, எத்தனை பேர் இருந்தாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. என் கையே எனக்குத் தெரியலை.”

“நான் ஏழாவது ஆளா உள்ள போனேன் டாக்டர்,” என்றான் எவர்ட். “ரெண்டு பக்கமும் ஆறு பேர்தான் இருந்திருக்கணும்.”

டகல்ட் தன் பட்டைகளோடு வேகமாக நகர்ந்து வந்து நடுவில் நின்றான். “டாக்டர், இவன் பேச்சைக் காதுலயே போட்டுக்காதீங்க. இவன் கனவு காண்ற ஆள். மில்லுல கேட்டுப் பாருங்க. போன மாசம் மேஸ்திரி தொப்பி மேல தர எண் போட்டான்.”

“ஆமா, போட்டான்!” என்றது கேலரி.

“கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டே தூங்கினவன்!”

“என் மட்டையிலதான் பட்டுது,” என்றான் கிளாரன்ஸ், அழுகிற குரலில்.

எவர்ட் தன் மட்டை நுனியைக் காட்டினான். பனித்தூள் கரைந்து வெறும் ஈரமாகியிருந்தது. ஹெஸ்கெத் அதைப் பார்த்துவிட்டு ஓவிலாவிடம் திரும்பினார். “நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே?”

“எனக்குக் குளிர்ந்துச்சு டாக்டர்.”

“குளிருக்கு விதி கிடையாது.” ஹெஸ்கெத் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முதல் வரிசையைப் பார்த்தார். “நீங்க யாராவது பாத்தீங்களா?”

பன்னிரண்டு பேரும் கையுறையைப் பார்த்தார்கள்.

மின்னி எழுந்து நின்றாள். “நான் பாத்தேன். அண்ணன் போனார்.”

“உக்காருடி!” என்றது மேலே ஒரு குரல்.

“நான் உக்காந்துதான் பாத்தேன்,” என்றாள் மின்னி அந்தப் பக்கம் திரும்பி. “நீங்களும் உக்காந்துதான் பாத்தீங்க.”

கூரையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது.

“கோல் இல்லை,” என்றார் ஹெஸ்கெத். “ரெண்டு ரெண்டு. நாலு நிமிஷம் பாக்கி.” பிறகு எவர்ட்டிடம் குனிந்து, மருந்துக் கசப்புப் போன்ற குரலில் சொன்னார்: “நீங்க ஸ்கேட்டைக் கழட்டுங்க. என் கண்ணு முன்னாலயே கழட்டுங்க.”

எவர்ட் உட்கார்ந்து வாரை அவிழ்த்தான். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. ஓவிலா ஒரு கண்ணால் பார்த்துப் பார்த்து இடது ஸ்கேட்டின் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தான். கம்பளிக் காலுறையோடு எவர்ட் பெஞ்சில் இருந்தான். கால் இவ்வளவு லேசானது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஒன்றுமே தெரியவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். துணி கிழிக்கிற சத்தம், நீளமாக இழுக்கிற சத்தம். கடைசி நிமிஷம் என்று நேரம் பார்ப்பவர் கூவினார். அப்போது ரப்பர் அக்கரைக்காரர்களின் வலைக்குப் பின்னால் பலகையில் மோதியது. எவர்ட் அந்தச் சத்தத்தைக் கேட்டான். உடனே அந்த இடம் மறுபடி அவனுக்குள் காலியாக விரிந்தது.

“கிளாரன்ஸ்!” என்று கத்தினான். “வலைக்கு இடது பக்கம் போ! இப்பவே!”

வெள்ளைக்குள்ளிருந்து கிளாரன்ஸின் குரல் வந்தது. “ஏன்?”

அந்த ஒரு சொல் சொல்லி முடிக்கிற நேரத்தில் ரப்பர் அந்தக் காலி இடத்துக்கு வந்து, யாரும் இல்லாததால் தாண்டிப் போனது. அக்கரைக்காரன் ஒருவன் மட்டையில் அகப்பட்டது. நீளமான ஓட்டத்தின் சத்தம் இந்தப் பக்கம் வந்தது; எவர்ட்டுக்குத் தெரியாத கால். டகல்ட் “எங்கடா, எங்க?” என்று கேட்பது கேட்டது. பிறகு மணி.

மூன்றுக்கு இரண்டு. சேன்ட் எலுவா.

அக்கரை ஜனங்கள் தடுப்பைத் தாண்டி ஓடினார்கள். ஓவிலா எழுந்திருக்கவில்லை. அவன் தோள் எவர்ட்டின் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

“போடா,” என்றான் எவர்ட். “ஜெயிச்சிருக்க. போய்க் கத்து.”

“கத்தத்தான் போறேன்,” என்றான் ஓவிலா. “மூச்சு வரட்டும்.” எழுந்து நின்று மின்னியைப் பார்த்து, தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு வெள்ளைக்குள் போனான்.

இருட்டுவதற்குள் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று அவர்கள் கோப்பையை ஒரு மாவுச் சாக்கில் சுற்றிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். கார்னக் ஜனங்களும் கலைந்தார்கள். எவர்ட்டைக் கடந்து போனவர்கள் அவனிடம் பேசவில்லை. மேஸ்திரி மட்டும் நின்று, “திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு,” என்றார். அது என்ன அர்த்தத்தில் என்று தெரியவில்லை. மின்னி போர்வையை மடித்துக்கொண்டு, அடுப்பு அணைந்திருக்கும் என்று சொல்லி வீட்டுக்குப் போனாள்.

டகல்ட் வந்து மட்டையைக் கீழே போட்டான். பெஞ்சு முனக உட்கார்ந்தான்.

“உன்னைக் கொல்லணும் போல இருக்கு.”

“கொல்லு.”

“இந்தப் பட்டையெல்லாம் கழட்டிட்டு வரேன், இரு.” கழற்றவில்லை. “கடைசியில இடது பக்கம் போன்னு கத்தினியே. அது எப்படிடா தெரிஞ்சுது? மூட்டத்துல உனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

தெரியாது என்று சொல்ல எவர்ட் வாயைத் திறந்தான். பதினாலு வருஷமாகச் சொன்ன பதில். பிறகு மூடிக்கொண்டான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

“பலகை,” என்றான்.

“எந்தப் பலகை?”

“வா.”

காலுறையோடு தடுப்பைத் தாண்டித் தரையில் இறங்கினான். ஒரே எட்டில் ஈரம் பாதத்துக்கு ஏறியது. மூட்டத்துக்குள் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். டகல்ட் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்தான். அந்த வலைக்குப் பின்னால் போய் எவர்ட் தடுப்பின் ஒரு பலகையை விரல் முட்டியால் தட்டினான். கெட்டியாகச் சத்தம் வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் தட்டினான். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டி மாதிரி ஒலித்தது.

“உள்ள இத்துப்போயிருக்கு,” என்றான். “மத்ததுல பட்டா ரப்பர் துள்ளித் தூரமாப் போயிடும். இதுல பட்டா வேகம் செத்து, மெதுவா, அந்தப் பக்கமா வந்து நிக்கும்.”

டகல்ட் தட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான். “இதை ஏன்டா ஆறு வருஷமாச் சொல்லலை?”

“எனக்கே தெரியலையே. உள்ள ஆடும்போது காலு தானா அங்க போயிடும். இன்னைக்கு உக்காந்து கேட்டப்பதான்...” அவன் நிறுத்தினான். பலகைகளைத் தரம் பிரிப்பவன் அவன். இதைத் தட்டிப் பார்க்க இத்தனை வருஷம் தோன்றவில்லை.

“வேற எங்கயாவது இப்படி இருக்கா?”

“இருக்கும்.”

டகல்ட் கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டான். எவர்ட் வலப்பக்கமாக நகர்ந்து அடுத்த பலகையைத் தட்டினான். கெட்டி. அடுத்தது. கெட்டி. வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு ஸ்கேட்டின் சத்தம், சின்னச் சின்னதாக எட்டு வைத்து அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

“கிளாரன்ஸ், மட்டையை வச்சுட்டு வா,” என்றான் எவர்ட், திரும்பாமலே. “கை வேணும்.”